ஒப்பிடுவதானால் முழுசாக ஒப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் உலகத்தின் இரும்பு நகரங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதில் செக் நாட்டு ஓஸ்ட்ராவா நகரத்துக்கு ஒரே ஒரு பத்தி. உலை அணைந்தது, ஊர் முடிந்தது என்று எழுதிவிட்டு, சேலத்துக்கும் இதே கதி வரலாம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவள். என் மகள் ஓஸ்ட்ராவாவில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறாள். இரண்டு ஊர் மீதும் அக்கறை உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றேன். மகள் வீட்டுக்குப் போயிருந்த கோடையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் அந்தப் பகுதியைச் சுற்றினேன். அதை வைத்துச் சொல்கிறேன்: ஓர் ஆலை மூடியதைக் கொண்டு ஊரையே எடைபோடக் கூடாது. அந்த ஆலையைச் சுற்றி இருக்கும் மலை, ஆறு, சுரங்கம், மக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

ஓஸ்ட்ராவா தலைநகராக இருக்கும் பிராந்தியத்துக்கு மொராவியா-சிலேசியா என்று பெயர். செக் நாட்டில் பிராக் நகரத்தையும் சேர்த்து 14 பிராந்தியங்கள். இது வடகிழக்கு மூலையில் இருக்கிறது. வடக்கே போலந்து, தென்கிழக்கே ஸ்லோவாக்கியா. பரப்பு சுமார் 5,430 சதுர கிலோமீட்டர். நம் சேலம் மாவட்டம் 5,200 சொச்சம். ஆக, நிலத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே நாம் 34 லட்சத்து 82 ஆயிரம் பேர். அங்கே இன்றைக்கும் 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூரோடும் சுவிட்சர்லாந்தோடும் நம்மை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள், நம் மாவட்டம் அளவே உள்ள, இரும்பையும் சுரங்கத்தையும் நம்பி வாழ்ந்த ஒரு பகுதியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ பயன் இருக்கும்.

மலையிலும் ஒற்றுமை உண்டு. மேற்கே யெசெனிக்கி மலைத்தொடர், தென்கிழக்கே பெஸ்கிடி மலைத்தொடர். யெசெனிக்கியில் உள்ள ப்ராத்யெட் சிகரம்தான் பிராந்தியத்திலேயே உயரம், 1,491 மீட்டர். நம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி அதைவிட உயரம், 1,600 மீட்டருக்கு மேல். ஆனால் அவர்கள் ஐம்பதாவது அட்சரேகையில் இருக்கிறார்கள். ப்ராத்யெட் உச்சியில் மரம் வளராது, புல்லும் பாறையும்தான். இங்கே அதே உயரத்தில் சில்வர் ஓக் நிழலில் காப்பியும் அதன் மேல் மிளகுக் கொடியும் காய்க்கின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச்செடி இன்றுவரை ஏற்காட்டுக்குச் சோறு போடுகிறது. உயரம் ஒன்றாக இருந்தாலும் அட்சரேகை மாறினால் பிழைப்பே மாறும் என்று வகுப்பில் சொல்வேன். அதை நேரில் பார்த்தது அங்கேதான்.

இரண்டு மலைத்தொடர்களுக்கும் நடுவில் தாழ்வான ஓர் இடைவெளி இருக்கிறது. அதற்கு மொராவிய வாயில் என்று பெயர். வியன்னாவிலிருந்து போலந்துப் பக்கம் போகும் ரயில் பாதை 1847லேயே அந்த வழியாக ஓஸ்ட்ராவாவைத் தொட்டுவிட்டது. நிலக்கரி 1763லேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கரியும் இருந்து, அதை வெளியே கொண்டுபோக வழியும் வந்த பிறகு அந்த ஊரைப் பிடிக்க முடியவில்லை.

இங்கேதான் சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. ஓஸ்ட்ராவாவில் வீட்கோவிட்சே இரும்பாலை 1828ல் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1830 வாக்கில், ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். அதற்குத் தாது போனது நம் சேலம் பகுதியிலிருந்து. வீட்கோவிட்சே பெருகியது, பரங்கிப்பேட்டை நலிந்து மூடப்பட்டது. நம் தாதுவில் குறை எதுவும் கிடையாது. கஞ்சமலைத் தாதுவை உருக்க நம்மிடம் நிலக்கரி இல்லை, காட்டை வெட்டி எடுத்த மரக்கரியை நம்பினார்கள். அது எத்தனை நாளைக்கு ஓடும்? அங்கே காலடியிலேயே, உலைக்கு வேண்டிய கல்கரி செய்ய ஏற்ற நிலக்கரி. தாது தூரத்திலிருந்து வந்தாலும் சமாளித்தார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் 1981ல் உற்பத்தியைத் தொடங்கிய நம் உருக்காலைகூட அந்த மலைத் தாதுவை உருக்கவில்லை. அது ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் ஆலையாகத்தான் பிறந்தது. பிறகு 2010ல்தான் எஃகு உருக்கும் பிரிவு வந்தது. மலை இருக்கிறது, ஆலை இருக்கிறது, ஆனால் ஆலை அந்த மலையை நம்பிப் பிழைக்கவில்லை. ‘சேலத்துக்கும் இதே கதி’ என்று எழுதும் முன் இந்த வித்தியாசத்தையாவது யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம், கட்டுரையாளர் இரண்டு ஆலைகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். வீட்கோவிட்சேயின் ஊதுலைகள் அணைந்தது 1998ல். அவர் சொல்லும் அண்மைக் கால நெருக்கடி 1951ல் தொடங்கிய வேறொரு பெரிய ஆலையினுடையது. 2003ல் அதை லட்சுமி மிட்டலின் குழுமம் வாங்கியது. 2019ல் அது சஞ்சீவ் குப்தாவின் லிபர்ட்டி நிறுவனத்துக்குக் கைமாறியது. 2023 இறுதியில் மின்சாரமும் ஆவியும் தரும் நிறுவனத்தோடு பணப் பிரச்சினை முற்றி உற்பத்தி நின்றது. 2024ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதில் இந்தியப் பெயர்கள் அடிபடுவதால், மகளின் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டார். நான் வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பதைவிட, ஆயிரக்கணக்கான பேரின் சம்பளம் ஒரே ஒரு கையொப்பத்தில் தொங்கியது என்பதுதான் எனக்கு உறைத்தது. நம் உருக்காலையைத் தனியாருக்கு விற்க மத்திய அரசு 2019ல் விண்ணப்பம் கேட்டு, 2023ல் அதைக் கைவிட்டபோது இங்கே தொழிலாளர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் ஊர் முடிந்துவிட்டதா? இல்லவே இல்லை. ஓஸ்ட்ராவாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் த்ரினெட்ஸ் இருக்கிறது. 1839ல் தொடங்கிய இரும்பாலை அங்கே ஓடுகிறது, ரயில் தண்டவாளம் செய்கிறார்கள். நோஷோவிட்சே என்ற கிராமம் ஒரு காலத்தில் முட்டைக்கோசுக்குப் பேர்போனது. அந்த வயல்களில் ஹூண்டாய் ஆலை எழுந்து 2008லிருந்து கார் செய்கிறது, வருஷத்துக்கு 3 லட்சத்துக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம்தான். கோப்ரிவ்நிட்சேயில் டாட்ரா லாரி செய்கிறார்கள். நம் ராணுவத்தில் ஏவுகணைகளைச் சுமந்து போகும் டாட்ரா வண்டிகளின் தாய்வீடு அது. குதிரை வண்டி செய்த பட்டறையாக 1850ல் ஆரம்பித்து, 1897ல் முதல் காரைச் செய்தார்கள். 1952 ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஸாடோபெக் பிறந்த ஊரும் அதுதான். விளையாட்டு ஆசிரியர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள். மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் 1822ல் பிறந்த கிராமமும் இந்தப் பிராந்தியத்தில்தான் வருகிறது.

என் மகள் படித்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கியது. 1849ல் வேறு ஊரில் ஆரம்பித்து, 1945ல் ஓஸ்ட்ராவாவுக்கு மாற்றினார்கள். இன்று நாட்டின் சூப்பர் கம்ப்யூட்டர் மையம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. சுரங்கத்துக்காக ஆள் தயாரித்த இடம் சுரங்கம் போன பிறகு கதவைச் சாத்தவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதையெல்லாம் சொல்வதால் அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மக்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 2001ல் பிராந்தியத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அதற்குப் பிறகு முக்கால் லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இளைஞர்கள் பிராக், ப்ர்னோ என்று வேலை தேடிப் போகிறார்கள், பிறப்பும் குறைவு. சுரங்கத் தொழிலாளர்களுக்காகவே 1955ல் நகரமாக்கப்பட்ட ஹாவிர்ஷோவ் ஒரு காலத்தில் 90,000 பேரைத் தொட்டது. இப்போது சுமார் 70,000. அகலமான சாலை, வரிசை வரிசையாக அடுக்குமாடி, நல்ல பூங்கா எல்லாம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்.

மக்கள் தொகையைச் சராசரியாக மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மேற்கே மலைப்பகுதியான புருந்தால் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 60 பேர்தான். கிழக்கே சுரங்கப் பகுதியான கார்வினா மாவட்டத்தில் 650க்கு மேல், நம் சேலம் மாவட்ட அடர்த்திக்குப் பக்கத்தில் வருகிறது. புருந்தால், கர்னோவ் பக்கம் ஜெர்மன் பேசியவர்கள் நிறைய வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். தங்கள் நாட்டு உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த கிரேக்கர்கள் பலர் கர்னோவில் குடியேறினார்கள். போலந்து எல்லையில் டெஷின் என்ற ஊரை 1920ல் ஆற்றை எல்லையாக வைத்து இரண்டு நாட்டுக்குப் பங்கு போட்டார்கள். செக் பக்கத்தில் இன்றும் போலிஷ் பேசும் மக்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பலகைகளில் இரண்டு மொழியும் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் ஒரே தெருவில் கேட்கும் சேலத்தில் வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கார்வினாவில் 1736ல் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் அடியில் பல அடுக்குகளாக நிலக்கரியைத் தோண்டி எடுத்ததில், தரை முப்பது மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. கட்டடம் சாய்ந்தே நிற்கிறது. அதைச் சுற்றிப் பழைய கார்வினா நகரமே இருந்தது. வீடுகள் விரிசல் விட்டு, ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, மக்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். நான் போனபோது தேவாலயத்தைச் சுற்றிப் புதரும் புல்லும்தான். கல்யாணம் நடந்த, கடை இருந்த தெருக்கள் எங்கே என்று காட்டக்கூட அடையாளம் இல்லை. தோண்டும்போது கிடைத்த வருமானம் ஒரு காலத்தோடு முடிந்துவிட்டது; நிலத்தின் சேதம் அப்படியே இருக்கிறது.

ஓஸ்ட்ராவாவில் எமா என்றொரு மேடு இருக்கிறது. சுரங்கக் கழிவுப் பாறையைக் கொட்டிக் கொட்டி உண்டான செயற்கைக் குன்று. உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது, இடுக்குகளில் புகை கசிகிறது, குளிர்காலத்தில் மேலே பனி தங்காது என்றாள் மகள். அதன் மேல் நடைபாதை போட்டு, ஏறி நகரத்தைப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். அணைந்துபோன வீட்கோவிட்சே உலைகளை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிடவில்லை. 2002ல் தேசியப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தார்கள். 1924ஆம் ஆண்டு எரிவாயுக் கலனை 2012ல் அரங்கமாக மாற்றினார்கள், அங்கே கச்சேரி நடக்கிறது. உலையின் மேல் லிஃப்டில் ஏறலாம். அது எப்படி இயங்கியது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குகிறார்கள். நகரத்துக்குள் கடைசி நிலக்கரி 1994 ஜூன் 30ல் மேலே வந்தது. அந்தத் தேதியை ஊரில் பலருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஈடானது மேக்னசைட் என்ற வெள்ளைக் கல். மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி, செங்கரடு பக்கம் போனவர்கள் சேர்வராயன் மலைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று கிடக்கும் குழிகளையும் கழிவு மேடுகளையும் பார்த்திருப்பார்கள். என் அப்பா அங்கே குழி வேலை பார்த்தவர். அம்மா கல் பொறுக்கும் வேலைக்குப் போனார். வெட்டிய பாறையைச் சுத்தியலால் உடைத்து, வெள்ளைக் கல்லைத் தனியாகப் பிரிக்கிற வேலை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். அந்தக் கல்லைச் சூளையில் எரித்து, அதிலிருந்து தீச்செங்கல் செய்வார்கள். எஃகு உருக்கும் உலைக்குள் பூசுவது அதைத்தான். உலகத்தின் இரும்பு நகரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய கட்டுரையில், அந்த உலைகளுக்கு உள்பூச்சு தந்த சேலத்துக் குழிகளுக்கு ஒரு வரி இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்தப் பக்கத்தில் பல குழிகளில் வேலை நின்று வருஷக்கணக்காகிறது. மழைக்குத் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகள் குளிக்கப் போகிறார்கள், சில இடங்களில் குப்பை கொட்டுகிறார்கள். அப்பா வேலை பார்த்த குழியை மூடியபோது, எத்தனை பேர் வேலை செய்தார்கள், யாருக்கு இருமல், யாருக்கு என்ன பாக்கி என்று ஒரு பட்டியல்கூட யாரும் எடுக்கவில்லை. கேட்கப் போனவர்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். அம்மாவோடு வேலை செய்த பெண்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காலத்துக்குள் அந்தக் கணக்கு எழுதப்பட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்செய்ய ஒரு மூடல் திட்டம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. 2015 சட்டத் திருத்தப்படி, சுரங்கம் நடக்கும் மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட மக்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்க வேண்டும். அந்த அறக்கட்டளையின் பணம் நம் மாவட்டத்தில் எந்த ஊருக்கு, எதற்குப் போகிறது என்று உங்கள் நாளிதழ் கேட்டு எழுதலாமே. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டாலே ஆரம்பிக்கலாம்.

செக் நாட்டில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சபை 2000லிருந்து இருக்கிறது. மொராவியா-சிலேசியாவில் 65 உறுப்பினர்கள், அவர்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி, பல ஆஸ்பத்திரிகள், நெடுஞ்சாலை அல்லாத சாலைகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நிலக்கரியை விட்டு வெளியேறும் பகுதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் சிறப்பு நிதி அந்த நாட்டில் மூன்று பிராந்தியங்களுக்குக் கிடைக்கிறது. இது அதில் ஒன்று. எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்று கேட்க மக்களுக்கு ஒரு முகவரி இருக்கிறது. நமக்கு மாவட்டத் திட்டக் குழு அரசியலமைப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதில் மேக்னசைட் நிலம் என்றாவது பேசப்பட்டதா என்று உறுப்பினர்களைக் கேளுங்கள்.

ஆற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1997 ஜூலையிலும் 2024 செப்டம்பரிலும் ஓட்ரா, ஒபாவா ஆறுகள் பெருகி அந்தப் பிராந்தியத்தை மூழ்கடித்தன. 2024ல் கர்னோவ் நகரத்தில் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. மலையில் பெய்வது சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் அப்படிப்பட்டவைதான். குழிகளையும் கழிவு மேடுகளையும் அந்த நீர்வழிக்குப் பக்கத்தில் அப்படியே விடுவது ஆபத்து. ஏற்காட்டுக்கு மேலே அலுமினியத்துக்காக பாக்சைட் எடுத்த இடங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, சேலத்தை ஓஸ்ட்ராவாவோடு தாராளமாக ஒப்பிடுங்கள். ஆனால் ஒரு உலையோடு நிறுத்தாதீர்கள். உங்கள் நிருபர் ஒருவரை வெள்ளக்கல்பட்டிக்கு அனுப்புங்கள். குழி வேலை பார்த்த பெரியவர்களையும் கல் பொறுக்கிய அம்மாக்களையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பழைய குழிகளின் இடம், ஆழம், தண்ணீர் நிற்கும் காலம் எல்லாம் குறித்து ஒரு வரைபடம் போட வேண்டுமென்றால், என் பழைய மாணவிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அந்த வேலையை நானே செய்து தருகிறேன். செலவு எதுவும் வேண்டாம். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
சூரமங்கலம், சேலம்.